பழைய நோட்டுத் தாளில் பொங்கல் நன்றி அட்டைகள்

தை முதல் நாள் சூரியனுக்கும் மறுநாள் மாட்டுக்கும் நன்றி சொல்கிறோம் என்பது எங்கள் பிள்ளைகளுக்குப் பாடமாகத் தெரியும். அயனாவரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளரும் அவர்கள் கண்ணில் வயல் படுவதில்லை. பால் ஆவின் பாக்கெட்டில் வருகிறது. பொங்கல் குக்கரில் பொங்கிவிடுகிறது. அவர்களுடைய ஒரு நாளைத் தாங்கி நிறுத்துகிறவர்களோ விடியும் முன்பே வந்து பாலை வைத்துவிட்டுப் போகிறவர், குப்பை வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர், தெருமுனையில் கரிப்பெட்டி வைத்து இஸ்திரி போடும் பெரியவர், இரவுக் காவலாளி, கீரைக்கூடையோடு படியேறி வரும் அம்மா ஆகியோர். பொங்கலின் நன்றி இவர்களையும் சென்றடைய வேண்டும், அதுவும் கடையில் வாங்கிய பொருளாக இல்லாமல் பிள்ளைகளின் கை உழைப்பாகச் சென்றடைய வேண்டும் என்று விரும்பினோம். அந்த எண்ணத்தில் மார்கழி அரையாண்டு விடுமுறையில் வீட்டில் செய்த வேலைகளை, முயன்று பார்க்க விரும்புகிறவர்களுக்குப் பயன்படும்படி இங்கே எழுதி வைக்கிறேன். வேலையின் பெரும்பகுதி தாள் செய்வது; அதோடு மண் காளைகளும் குருத்தோலைத் தோரணமும் சேர்ந்தன.

தாள் செய்யத் தோன்றியதற்குப் போகிதான் காரணம். பழையன கழிதல் என்ற பெயரில் சென்னையில் போகி விடியற்காலையில் எரிக்கப்படுவனவற்றின் புகை எவ்வளவு என்பதை இங்கே வாழ்கிறவர்கள் அறிவார்கள். 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமாயின. சில விமானங்கள் வேறு நகரங்களுக்குத் திருப்பி விடப்பட்டன. டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்க வேண்டாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது. எங்கள் வீட்டில் கழிப்பதற்கு இருந்தவை பெரும்பாலும் முந்தைய ஆண்டின் நோட்டுப் புத்தகங்கள்தாம். பழையது கழியவும் வேண்டும், புதியதாகப் புகவும் வேண்டும் என்றால் அந்த நோட்டுகளைக் கரைத்து மீண்டும் தாளாக்குவதைவிடப் பொருத்தமான போகி வேலை எனக்குத் தெரியவில்லை.

தாளைத் தொடும் முன் பெயர்ப் பட்டியலை எழுதினோம். இந்த வரிசை முக்கியம் என்று கருதுகிறேன். அட்டைகளை முதலில் செய்து குவித்துவிட்டு, பிறகு யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசித்தால், எல்லா அட்டையிலும் ஒரே வாக்கியம்தான் வரும். பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர் எங்களுக்காகச் செய்த ஒரு காரியத்தைப் பிள்ளைகள் எழுத வேண்டும் என்று வைத்தோம். மகள் ஐந்தாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. ‘நல்லவர்’, ‘உதவி செய்வார்’ என்று எழுதியவற்றை அடித்துவிட்டு, எந்த நாளில், என்ன செய்தார் என்று கேட்டேன். கேட்கக் கேட்கத்தான் நினைவுகள் வந்தன. மின்வாரிய லைன்மேன் பெயரை அவர்கள் சேர்க்கவே இல்லை. என் மாமியார், நாங்கள் அத்தை என்று அழைப்பவர், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பின் தெருவில் தண்ணீர் நின்றபோது இடுப்பளவு நனைந்து வந்து இணைப்பைச் சரிசெய்தவரை நினைவூட்டினார். அன்று இரவு மின்விசிறி சுழன்றதும் கைதட்டியது மகனுக்கு நினைவிருந்தது. சுழல வைத்தவர் யார் என்று அதுவரை அவன் யோசித்ததில்லை.

இனித் தாள். வேண்டிய கருவி ஒன்றுதான்: ஒரே அளவுள்ள இரண்டு மரச்சட்டங்கள். கண்ணாடி போன பழைய புகைப்படச் சட்டங்கள் இதற்குப் போதும். உள்ளளவு ஏழு அங்குலத்துக்கு ஐந்து அங்குலம் இருந்தால், நடுவில் மடித்து அட்டையாக்கச் சரியாக இருக்கும். ஒன்றில் வலையை இழுத்து அடிக்க வேண்டும். மற்றொன்று வெறுஞ்சட்டமாக அதன்மேல் அமர்ந்து, தாளின் ஓரம் நேராக நிற்க உதவும். வலைக்கு, ஜன்னலில் அடிக்கும் ஃபைபர் கொசுவலைதான் நல்லது. நைலான் வலை நனைந்ததும் தொய்ந்து நடுவில் குழிவிடும். அங்கே கூழ் கூடுதலாகத் தேங்கித் தாள் தடித்துப்போகும். ஆணிகள் துருப்பிடிக்காதவையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரங்களில் பழுப்புக் கறை இறங்கிவிடும். சட்டம் நீரில் ஊறி உப்பாமலிருக்க இரண்டு முறை வார்னிஷ் பூசி உலர்த்திக்கொண்டோம்.

எல்லாத் தாளும் கூழாகாது. கோடு போட்ட நோட்டுத் தாள், தேர்வுத் தாள், ஒரு பக்கம் அச்சிட்ட அலுவலகத் தாள் ஆகியவை நன்றாகக் கரையும். கல்யாணப் பத்திரிகைகளில் பிளாஸ்டிக் பூச்சோ பொன் தகடோ இருந்தால் அவற்றை ஒதுக்கிவிட வேண்டும். எவ்வளவு ஊறினாலும் மினுங்கும் செதில்களாகவே மிதக்கும். கடை ரசீதுகள் வேண்டவே வேண்டாம்; அவை வெப்ப அச்சுக்கான ரசாயனம் பூசியவை, பிள்ளைகள் கையால் பிசையத் தக்கவை அல்ல. நாளிதழ் கரைவது எளிது, ஆனால் அதன் இழைகள் குட்டையானவை. தனியாகச் செய்தால் சாம்பல் நிறத்தில், மடித்த இடத்தில் விரிசல் விடும் தாள்தான் கிடைக்கும். நோட்டுத் தாளோடு கால் பங்கு கலந்தால் கெடுதி இல்லை. ஊசி பின்களை எல்லாம் பிடுங்குவது மகன் பொறுப்பு. ஒரு பின் தவறினாலும் மிக்சி ஜாரின் கத்தி மழுங்கும் என்று சொல்லியிருந்ததால் மிகுந்த கவனத்தோடு செய்தான்.

தாளைக் கட்டைவிரல் அகலத்துக்குக் கிழித்து, ஓர் இரவு முழுவதும் நீரில் ஊறவிட வேண்டும். கத்தரிக்கோலால் வெட்டுவதைவிடக் கையால் கிழிப்பதே மேல், ஏனென்றால் கிழியும்போது இழைகள் நீளமாகவே நிற்கின்றன. மறுநாள், மிக்சி ஜாரில் முக்கால் பங்கு நீரும் ஒரு கைப்பிடி ஊறிய தாளும் போட்டு, பத்துப் பதினைந்து விநாடிகளாக விட்டுவிட்டு அரைக்க வேண்டும். நீரைக் குறைத்தால் மோட்டார் சூடேறும். நிறுத்தாமல் அரைத்தால் இழைகள் நொறுங்கித் தாள் வலுவிழக்கும். அச்சு மையும் சாயமும் கலந்த கூழ் என்பதால் இதற்கென்று ஒரு பழைய ஜாரை ஒதுக்கிவிட்டோம். அது இனிச் சமையலுக்குத் திரும்பாது. கூழ் பதமாகிவிட்டதா என்று பார்க்க, ஒரு கண்ணாடித் தம்ளர் நீரில் ஒரு கரண்டி கூழை விட்டுக் கலக்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் போதும். திட்டுத்திட்டாகத் துணுக்குகளோ எழுத்துகளோ தெரிந்தால் இன்னும் ஒரு சுற்று அரைக்க வேண்டும்.

இந்தக் கூழில் கரும்புச் சக்கை சேர்த்ததுதான் எனக்கு மிகவும் நிறைவளித்த பகுதி. பொங்கலுக்குக் கரும்பைக் கடித்துத் துப்பும் சக்கை குப்பைக்குப் போகிறது. ஆனால் தமிழ்நாட்டில் அந்தச் சக்கைதான் தாளாகிக்கொண்டிருக்கிறது. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இயங்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தைத் தமிழ்நாடு அரசு 1979இல் தொடங்கியது, கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு தாள் செய்வதற்காகத்தான். சர்க்கரை ஆலைகள் தங்கள் கொதிகலன்களில் எரித்து வந்த சக்கையைப் பெற்றுக்கொண்டு, அதற்கு ஈடாக அவற்றின் எரிபொருள் தேவையை வேறு வழியில் நிறைவு செய்யும் ஏற்பாடும் அதோடு வந்தது. பிள்ளைகள் எழுதும் நோட்டுகளிலும் கரும்பு இருக்கக்கூடும் என்று சொன்னபோது, மகள் நோட்டை முகர்ந்து பார்த்தாள்.

பொங்கல் கரும்பு கோயம்பேட்டுக்கு வந்திறங்கும் வரை காத்திருந்தால் அட்டைகள் உலராது. ஆகவே தெருமுனைக் கரும்புச்சாறுக் கடையில் சக்கை கேட்டு வாங்கினோம். சாறு பிழியும் ஆலையில் பலமுறை நசுங்கியிருப்பதால் அதுவே வசதியும்கூட. ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டி, கால் கிலோ ஈரச் சக்கைக்கு மூன்று லிட்டர் நீரும் நான்கு மேசைக்கரண்டி சலவைச் சோடாவும் என்ற கணக்கில் இரண்டு மூன்று மணி நேரம் கொதிக்கவைக்க வேண்டும். சலவைச் சோடாவும் ஆப்பச் சோடாவும் வேறு வேறு. ஆப்பச் சோடா இதற்கு வலுப் போதாது. பாத்திரம் எவர்சில்வராக இருக்க வேண்டும், அலுமினியத்தைக் காரம் அரித்துவிடும். இது பெரியவர்களின் வேலை. ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை அணிந்து, பிள்ளைகளை அடுப்படிக்கு வெளியே நிறுத்தித்தான் நான் செய்தேன். வெந்த சக்கையைத் துணிப்பையில் கட்டி, குழாயடியில் பிசைந்து பிசைந்து அலச வேண்டும். அலசும்போது உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற சோற்றுப்பகுதி கரைந்து போய்விடும். அதில் இழை கிடையாது, காகித ஆலைகளும் அதைப் பிரித்து நீக்கிவிட்டே கூழ் காய்ச்சுகின்றன. எஞ்சி நிற்பது பொன்னிறமான நீண்ட நார்.

சோடா முழுவதும் போய்விட்டதா என்று கண்டுபிடிக்க அத்தை ஒரு வழி சொன்னார். அலசிய நாரில் ஒரு சிட்டிகையை எடுத்து அதன்மேல் மஞ்சள் தூளைத் தூவினார். காரம் மிச்சம் இருந்தால் மஞ்சள் சிவக்கும். ஆரத்தி நீரில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பது போன்ற அதே வினைதான். நிறம் மாறாமல் மஞ்சளாகவே நிற்கும் வரை அலசினோம். பிறகு அம்மியில் தட்டி, மிக்சியில் ஒரு சுற்று விட்டு, நான்கு பங்கு தாள் கூழுக்கு ஒரு பங்கு நார் என்று சேர்த்தோம். அதற்கு மேல் சேர்த்தால் தாள் சொரசொரவென்று எழுத இடம் தராது. இந்த அளவில் ஆங்காங்கே பொன்னிழை ஓடும் தாள் கிடைக்கிறது, மடித்தாலும் பிளப்பதில்லை.

அடுத்தது தாள் எடுப்பது. அகலமான அன்னக்கூடையில் ஒரு சாண் ஆழத்துக்கு நீர் நிரப்பி, அரைத்த கூழை விட்டுக் கையால் கலக்கிக்கொள்ள வேண்டும். பதம் நீர்மோர் போல இருக்க வேண்டும். வலைச்சட்டத்தை வலை மேலே இருக்கும்படி பிடித்து, அதன்மேல் வெறுஞ்சட்டத்தை வைத்து, இரண்டையும் சேர்த்து இறுகப் பற்றி, செங்குத்தாக உள்ளே இறக்கி, அடியில் படுக்கையாகத் திருப்பி, நேராக மேலே தூக்க வேண்டும். தூக்கியதும் நீர் வடியும் அந்தச் சில விநாடிகளுக்குள் முன்னும் பின்னும், இடமும் வலமும் மெல்ல அசைத்தால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். நீர் வடிந்த பிறகு அசைத்தால் தாளில் விரிசல்தான் விழும். இந்த அசைவில்தான் கைப்பழக்கம் தேவைப்படுகிறது. என் கணவர் அலுவலகத்திலிருந்து திரும்பியதும் அன்னக்கூடையின் முன்னால் உட்கார்ந்தவர், பிள்ளைகள் தூங்கப் போன பிறகும் எழவில்லை. எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குச் சட்டம் கனக்கும். பெரியவர் ஒருவர் கூடப் பிடித்துக்கொள்வது நல்லது.

வெறுஞ்சட்டத்தை எடுத்துவிட்டு, ஈரத்தாளோடு இருக்கும் வலையை நனைத்த பழைய வேட்டித் துணியின்மேல் கவிழ்க்க வேண்டும். பின்புறம் வலையின்மேல் ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி நீரை உறிஞ்சினால் தாள் துணியில் ஒட்டிக்கொள்ளும். ஓர் ஓரத்திலிருந்து சட்டத்தை மெல்லத் தூக்கலாம். தூக்கும்போது தாள் வலையோடு வந்தால் இன்னும் நீர் இருக்கிறது என்று பொருள். துணி, தாள், துணி, தாள் என்று அடுக்கி, இரு பலகைகளுக்கு இடையில் வைத்து, மேலே பிள்ளைகளை ஏறி நிற்கச் சொன்னோம். ஓடிய நீரைப் பார்த்து அவர்கள் இறங்க மனமில்லாமல் நின்றார்கள். பிறகு அம்மிக்கல்லை ஏற்றி இரவு முழுவதும் விட்டுவிட்டோம்.

சென்னையில் இந்த வேலையின் உண்மையான சோதனை உலர்த்துவதுதான். மார்கழியில் வெயில் மென்மையாக இருக்கிறது, விடியலில் பனி இறங்குகிறது, கடற்காற்றில் ஈரம் குறைவதில்லை. மொட்டைமாடியில் போட்டால் ஓரங்கள் முதலில் காய்ந்து தாள் சுருண்டுவிடுகிறது. வீட்டுக்குள் கொடியில் துணியோடு தொங்கவிட்டு, மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டதே சரியாக இருந்தது. சில தாள்களைப் பீரோக் கண்ணாடியிலும் ஜன்னல் கண்ணாடியிலும் ஈரமாக ஒட்டினோம். ஒட்டிய பக்கம் வழவழப்பாக வந்தது. எழுதுவதற்கு அந்தப் பக்கம், படம் வரைய மறுபக்கம் என்று வைத்துக்கொண்டோம். பொங்கலுக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே தாள் வேலை முடிந்திருக்க வேண்டும் என்பேன். அவசரப்பட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்து ஈரத் தாளைக் காயவைத்தால் அது துணியோடு ஒட்டிக் கிழியும்.

உலர்ந்த தாள் அப்படியே எழுத்துக்கு உகந்ததல்ல. மை பரவும். அதற்கு வடிகஞ்சி போதும். சோறு வடித்த கஞ்சியை நன்றாக நீர்த்து, துணியில் வடிகட்டி, தட்டையான தூரிகையால் இரு பக்கமும் பூசி மறுபடி உலர்த்த வேண்டும். அத்தை தம் பருத்திப் புடவைகளுக்குக் கஞ்சி போடும் அதே பதம்தான். உலர்ந்ததும் இரு துணிகளுக்கு இடையே வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் தாள் விறைத்து நேராகிறது. இதைத் தெருமுனைப் பெரியவரிடம் கொடுத்திருந்தால் இன்னும் நேர்த்தியாகச் செய்திருப்பார். அவருக்கே ஓர் அட்டை இருப்பதால் கொடுக்கவில்லை. கஞ்சி ஏறிய தாளை எறும்பும் வெள்ளிப்பூச்சியும் தேடி வரும். அடுக்கி வைக்கும் பெட்டியில் காய்ந்த வேப்பிலை போட்டு வைத்தோம்.

நிறத்துக்கு வெளிச் சாயம் எதுவும் வாங்கவில்லை. ஒரு தொட்டிக் கூழில் மஞ்சள் தூள் கலந்தோம். அந்தத் தாளின்மேல், தெளிந்த சுண்ணாம்பு நீரைத் தூரிகையில் தொட்டு எழுதினால் எழுத்து செம்பழுப்பாக எழும். நிறமற்ற நீரால் எழுத, எழுத்து தானாகச் சிவந்து வருவதைப் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு அட்டை செய்கிறோம் என்பதே மறந்துபோகிறது. வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீர்தான். ஆனாலும் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் பெரியவர் அருகில் இருக்க வேண்டும், முடிந்ததும் கையைக் கழுவ வேண்டும். இந்தச் சிவப்பு நிலைப்பதில்லை. காற்றுப்பட்டுச் சுண்ணாம்பின் காரம் குறையக் குறைய மங்கும். மஞ்சளும் வெயிலில் வெளிறும். எனவே அலங்கார எழுத்தைக் கொடுக்கும் நாளுக்கு முந்தைய மாலையில் எழுதினோம்; உள்ளே எழுத வேண்டியதைப் பால்பாயிண்ட் பேனாவால் வெள்ளைத் தாளில் எழுதினோம். ஜெல் பேனாவும் ஊற்றுப் பேனாவும் கஞ்சி பூசிய பிறகும் கொஞ்சம் பரவுகின்றன.

உள்ளே மேற்கோள் எழுதக் கூடாது, கவிதை எழுதக் கூடாது, அவர் செய்த அந்த ஒரு காரியம் மட்டும் இருக்க வேண்டும் என்று முதலிலேயே வைத்திருந்தோம். மகள் தூய்மைப் பணியாளருக்கு எழுதினாள்: ‘அக்கா, என் கொலுசு குப்பைக் கூடையில் விழுந்ததை நீங்கள் கண்டுபிடித்து மேலே கொண்டுவந்து கொடுத்தீர்கள். மழை பெய்துகொண்டிருந்தது. நான் அன்று நன்றி சொல்லாமல் ஓடிவிட்டேன். நன்றி.’ இப்படி எழுதவைக்க நான் எதுவும் செய்யவில்லை. எந்த நாளில், என்ன என்ற கேள்விகள் செய்தன. காவலாளி ஒடிசாவிலிருந்து வந்தவர். தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது. அவருக்கு மகன் படமாகவே வரைந்தான்: லிஃப்ட் நின்றுபோன நாளில் அத்தையின் காய்கறிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறும் உருவம், ஒவ்வொரு மாடிக்கும் எண் போட்டு. கீரைக்கார அம்மாவுக்கும் வாசிக்கத் தெரியாது என்பதால் அந்த அட்டையை அவரிடம் வாசித்துக் காட்டுவது மகளின் வேலை என்று முடிவாயிற்று.

உறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பொங்கலுக்கு இவர்களுக்கெல்லாம் இனாம் கொடுப்பது சென்னை வீடுகளில் வழக்கம். பிள்ளைகள் கையால் செய்த அட்டை கொடுத்தாயிற்று என்று அந்த இனாமைக் குறைப்பதோ நிறுத்துவதோ முறையாகாது. உடலுழைப்பால் வாழ்கிறவருக்குப் பண்டிகை நேரத்துப் பணம் என்பது துணிமணி, கரும்பு, ஊருக்குப் போகும் பேருந்துக் கட்டணம். எனவே அதே கைத்தாளில் உறை ஒட்டி, இனாமை அதில் வைத்து, அட்டையைத் தனியாகக் கொடுத்தோம். ஒட்டுவதற்கு மைதாப் பசை. அதில் ஒரு சிட்டிகை படிகாரம் சேர்த்தால் புளிப்பதில்லை. பணத்தை நாங்கள் கொடுக்க, அட்டையைப் பிள்ளைகள் கொடுக்கட்டும் என்றும் பிரித்துக்கொண்டோம்.

மாட்டுப் பொங்கலுக்கு மண் காளைகள். விநாயகர் சிலையும் கொலு பொம்மையும் செய்யும் கொசப்பேட்டையில் பிசைந்த களிமண் வாங்கி வந்து, ஈரத்துணி சுற்றிப் பாலிதீன் பையில் வைத்தோம். சுடாத மண்ணில் செய்யும் பொம்மைக்கு எதிரி விரிசல். தடித்த இடமும் மெல்லிய இடமும் வேறு வேறு வேகத்தில் காய்ந்து சுருங்குவதால் அது வருகிறது. உடம்பு ஓர் அங்குலத்துக்கு மேல் தடித்தால் அடிவயிற்றுப் பக்கத்திலிருந்து கரண்டியால் குடைந்துவிட வேண்டும். கால், திமில், கொம்பு ஒட்டும் இடங்களில் இருபுறமும் ஈர்க்கால் குறுக்கும் நெடுக்கும் கீறி, குழைத்த மண்ணைத் தடவி அழுத்த வேண்டும். கழுத்து தொங்காமலிருக்க உள்ளே ஈர்க்கு செருகத் தோன்றும், செருகக் கூடாது. மண் சுருங்கும், ஈர்க்கு சுருங்காது, கழுத்து பிளக்கும். கொம்புகள் முதலில் காயாமலிருக்க அவற்றுக்கு மட்டும் ஈரத்துணி சுற்றி, முழுப் பொம்மையையும் நிழலில் உலரவிட்டோம்.

பொதுவாக ஒரு ‘மாடு’ செய்யாமல், எந்த மாடு என்று தீர்மானித்துச் செய்தது பிள்ளைகளைப் படங்களை உற்றுப் பார்க்க வைத்தது. காங்கேயம் காளைக்குப் பெரிய திமிலும் கம்பீரமான கொம்பும். அதன் கன்று செம்மையாகப் பிறந்து, பிறகு சாம்பல் நிறத்துக்கு மாறும். ஈரோடு மாவட்டத்து மலை மாடான பர்கூருக்குச் செம்பழுப்பு உடம்பில் வெள்ளைத் திட்டுகள். அத்தை திருவாரூர்ப் பக்கத்தவர் என்பதால் டெல்டாவின் உம்பளச்சேரியைத் தாமே செய்தார்: நெற்றியில் வெள்ளைச் சுட்டி, கால்களின் கீழ்ப்பகுதியில் வெள்ளை, சேற்று வயலுக்கு ஏற்ற குட்டையான உடற்கட்டு. முதல் முறை செய்கிறவர்களுக்குப் பர்கூரைப் பரிந்துரைப்பேன். காவியை நீரில் குழைத்துப் பூசி, கோந்து கலந்த சுண்ணாம்பால் திட்டுகள் வைத்தால் முடிந்தது. கொம்புக்கு மட்டும் மகன் நீலம் கேட்டான். துணிக்குப் போடும் சொட்டு நீலம் கொடுத்தேன்.

பால் பாக்கெட்டுக்கும் இந்தக் காளைகளுக்கும் என்ன தொடர்பு என்று மகன் கேட்டதால், மாதவரம், அம்பத்தூர், சோழிங்கநல்லூர் பால்பண்ணைகளுக்குப் பல மாவட்டங்களிலிருந்து பால் வருவதையும், கிராமத்துப் பால் கூட்டுறவுச் சங்கங்களில் விடியலில் மாட்டுக்காரர்கள் வரிசையில் நின்று பால் ஊற்றுவதையும் சொன்னோம். அந்த மாடுகளில் பெரும்பாலானவை கலப்பினம் என்பதையும் மறைக்கவில்லை. உடனே அவன் கறுப்பு வெள்ளைத் திட்டோடு, திமில் இல்லாமல் ஒரு பசுவைச் செய்து வரிசையில் சேர்த்தான். கரியைப் பொடித்துக் கோந்தில் குழைத்துக் கறுப்பு வந்தது.

தோரணத்தை அத்தை பார்த்துக்கொண்டார். கோயம்பேட்டுப் பொங்கல் சந்தையில் கரும்பு, மஞ்சள் கொத்தோடு குருத்தோலையும் கிடைத்தது. வெளிர்மஞ்சளாக, வளைத்தால் முறியாத ஓலை வேண்டும். ஈர்க்கை உரித்துத் தனியே வைத்துக்கொண்டு, ஓலையை மடித்துக் கிளியும் மாங்காயும் செய்தார்; கோக்கவும் அந்த ஈர்க்குத்தான். ஈரத்துணியில் சுற்றி வைத்தால் இரண்டு நாள் நிறம் மாறாது. தெரிந்தவர் வீட்டு மரத்தில் குருத்து வெட்டுவதாக இருந்தால் மரம் ஏறத் தெரிந்தவரே வெட்ட வேண்டும்; தென்னைக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்று, அது வெட்டுப்பட்டால் மரம் பிழைக்காது.

அட்டைகளைக் கொடுக்கக் காணும் பொங்கல் வரை வைத்திருக்கவில்லை. அன்று பலரும் விடுப்பில் இருப்பார்கள், சிலர் குடும்பத்தோடு மெரினாவுக்குப் போயிருப்பார்கள். போகிக்கு முந்தைய நாளிலிருந்து, அவரவர் வரும் நேரத்தில், அவர்கள் வேலை கெடாதபடி கொடுத்தோம். லைன்மேனுக்கு மட்டும் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போனோம். அவர் வேறு பகுதிக்கு மாறியிருந்தார். அங்கிருந்தவர்கள் அட்டையை வாங்கிப் படித்துவிட்டு, அவருக்குத் தொலைபேசியில் பேசி, மகனிடம் கொடுத்தார்கள். ‘தம்பி, எந்தத் தெரு?’ என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது. தெருவின் பெயரைச் சொன்னதும் எந்தக் கம்பம் என்பதுவரை அவர் சொன்னார். அட்டை இப்போது அவருடைய புதிய அலுவலக முகவரிக்கு அஞ்சலில் போயிருக்கிறது. கைத்தாள் உறை அஞ்சலில் கசங்காமலிருக்க உள்ளே ஓர் அட்டைத் துண்டு வைத்தோம். இருபது கிராமுக்குள் இருந்ததால் ஐந்து ரூபாய்த் தபால்தலை போதுமானதாக இருந்தது.

மிச்சக் கூழை வடிகட்டிப் பிழிந்து, உருண்டைகளாக்கி நன்றாக உலர்த்தி டப்பாவில் வைத்திருக்கிறோம். அடுத்த முறை ஊறவைத்து ஒரு சுற்று அரைத்தால் மீண்டும் கூழாகிவிடும். கூழ் நீரைக் கழுவுதொட்டியில் ஊற்றக் கூடாது, குழாய் அடைத்துக்கொள்ளும். துணியில் வடித்துவிட்டு, நீரை மட்டும் கொட்டலாம். காளைகளில் விரிசல் விடாதவை அலமாரியில் இருக்கின்றன. கன்றுக்கு ஒரு காது உதிர்ந்தது. பிள்ளைகளின் சம்மதத்தோடு அதைச் செம்பருத்தித் தொட்டியில் கரைத்துவிட்டோம். சட்டத்து வலையின் ஒரு மூலை தளர்ந்திருக்கிறது, அதை மாற்ற வேண்டும். ஆயுத பூஜைக்கு, வீட்டுக்கு வேலைக்கு வரும் பிளம்பருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் அட்டை செய்ய வேண்டும் என்று மகள் இப்போதே பட்டியல் தொடங்கியிருக்கிறாள்.